ஏரிக்குப் புல்கெண்டை வேண்டாம் சாமி!

பெங்களூர்ல எங்க குடியிருப்போர் சங்கத்துல போன ஞாயித்துக்கிழமை ஒரு தீர்மானம். பக்கத்து ஏரியில செடி மண்டிப் போச்சாம். புல்கெண்டைக் குஞ்சு வாங்கி விட்டா எல்லாத்தையும் தின்னு ஏரி 'க்ளீன்' ஆயிடுமாம். கைதட்டல் வேற! எதிர்த்தது நான் ஒருத்தன்தான். பி.காம். படிச்ச பேங்க் ஆளுக்கு ஏரியைப் பத்தி என்ன தெரியும்னு ஒருத்தர் சிரிச்சார். சிரிக்கட்டும்.

ஆழமில்லாத ஏரியில தண்ணிக்கு அடியில வளர்ற ஹைட்ரில்லா மாதிரிச் செடி குப்பை இல்லீங்க. அதோட வேர் சேத்தைப் பிடிச்சு வைக்குது. பாசிக்குப் போற சத்துல பங்கு எடுத்துக்குது. பாசியைத் தின்னும் டாஃப்னியா மாதிரிக் குட்டி உயிருங்க மீன் கண்ணுல படாம அதுக்குள்ளதான் ஒளியுது. விரால் கூடு கட்டறதும் அங்கதான்.

புல்கெண்டை இந்தச் செடியைத்தான் விரும்பித் திங்கும், ஒரு நாள்ல தன் எடையளவுக்குக் கூட. சரியா செரிக்காம வெளியேத்தற சத்து தண்ணியிலேயே சேருது, பாசிக்குக் கொண்டாட்டம். தண்ணி பச்சையாகி வெளிச்சம் அடிக்குப் போகாது. அப்புறம் மீனைப் பிடிச்சுட்டாலும் செடி சுலபத்துல திரும்பாது. சங்கத்துக்காரங்க கண்ணை உறுத்தற ஆகாயத்தாமரை இருக்கே, அதைப் புல்கெண்டை பெருசா சீண்டறதே இல்ல :-)

நெதர்லாந்துல வெலுவேன்னு ஒரு ஏரி. சாக்கடையில வர்ற பாஸ்பரஸை 1979-லேயே குறைச்சாங்க. அப்பவும் கலங்கல் முழுசாத் தெளியல. 1990-கள்ல அடிச்சேத்தைக் கிளறும் ப்ரீம் மீனை வலை போட்டுக் குறைச்ச பிறகுதான் நல்லாத் தெளிஞ்சு செடி பரவிச்சு. நம்ம வெக்கைக்கு அந்த வைத்தியம் அவ்வளவு சுலபமில்ல. இங்க குட்டி மீனுங்க வருஷம் பூரா குஞ்சு பொரிக்கும். அதனாலதான் சொல்றேன், உள்ள விடறதுக்கு முன்னாடியே யோசிங்க.

மீன் குத்தகையில காசு வருமேங்கறாங்க. வரட்டும். வரவு எழுதறவங்க அந்தச் சொத்தோட தேய்மானத்தை எந்தப் பக்கத்துல எழுதறாங்க? எங்க பேங்க்ல இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டோட வந்தா கடன் கிடைக்காது.

மூல வியாதி சாக்கடைதான், அதை நான் மறுக்கல. 2016 மார்ச்ல அல்சூர் ஏரியில ஆயிரக்கணக்குல மீன் செத்து மிதந்ததை அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் மறந்திருக்காது. சாக்கடையை அடைக்காம மீனை விடறது யாருக்கு லாபம்? குஞ்சு விக்கறவருக்குத்தான்.

படகுத்துறைப் பக்கம் மட்டும் ஆள் விட்டுச் செடியை அறுங்க, மிச்சத்தை விட்டுடுங்கன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். அடுத்த கூட்டம் வர்ற மாசம் ரெண்டாவது ஞாயிறு. எங்க வளாகத்துலயே நம்மாளுங்க பதினோரு வீடு இருக்கு. சீரியலைக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டு வந்து கை தூக்குங்க.