பிறப்பையே வழக்காக்கும் எல்லை

2023 மார்ச்சில், பிகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. தமிழகக் காவல் துறை உடனே மறுத்தது. உதவி எண்களை அறிவித்தது. தொழிலாளர்களிடம் நேரில் சென்று இந்தியிலேயே தைரியம் சொன்னது. மனம் வைத்தால் எவ்வளவு வேகமாகக் காக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

மூன்றே மாதம் கழித்து ஜூனில், கிருஷ்ணகிரி மாவட்டம் மத்தூர் அருகே புளியாண்டப்பட்டியிலிருந்து குறவர் சமூகத்தவரை, பெண்கள் உட்பட, திருட்டு வழக்கென்று ஆந்திராவின் சித்தூர் போலீஸார் பிடித்துச் சென்றனர். அடித்தார்கள், மிளகாய்ப்பொடி தூவினார்கள், பெண்களைப் பாலியல் வதை செய்தார்கள் என்பது பாதிக்கப்பட்டவர்களின் புகார். சித்தூர் போலீஸ் அதை மறுத்தது. எது உண்மையென்று நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் அதே மாவட்டத்துத் தொழில் நகரான ஓசூரில் ஒரு நிறுவன மேலாளரின் குடும்பத்தை வெளிமாநில போலீஸ் இப்படி வண்டியில் ஏற்றியிருக்க முடியுமா? பிகார் தொழிலாளர்களை நம்பி ஆலைகள் ஓடுகின்றன. குறவர்களை நம்பி எந்த ஷிஃப்டும் ஓடவில்லை. பாதுகாப்பின் வேகம் இதைப் பொறுத்து மாறுகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

1871-இல் தொடங்கிய குற்றப் பழங்குடிகள் சட்டம் குறவர் உட்படச் சில சாதிகளையே குற்றவாளிகளாக்கியது. சென்னை மாகாணம் அதை 1947-இல் நீக்கியது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்தது. அது சாதியை அல்ல, தனி ஆளைப் பற்றியது என்றாலும், ஸ்டேஷனின் கண் அதே தெருக்களில்தான் நின்றது. எங்கே நகை காணாமல் போனாலும் முதலில் தட்டப்படுவது அந்தத் தெருவின் கதவுகள். அந்தப் பழைய குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சீர்மரபினரைக் காரணமின்றிக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2024 அக்டோபரில் சொல்ல வேண்டியிருந்தது.

வேறு மாநிலத்தில் கைது செய்ய போலீஸுக்குச் சட்டம் இடம் தருகிறது. கூடவே, சாட்சியின் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் ஆஜர் என்று கடமைகளையும் வைத்திருக்கிறது. கைதுக் குறிப்பை வலியுறுத்திய உச்ச நீதிமன்றத்தின் டி.கே. பாசு தீர்ப்பு வந்தது 1996-இல். மூன்று மாநிலங்கள் உரசிக்கொள்ளும் கிருஷ்ணகிரியில் இந்தக் கடமைகள் ஏட்டோடு நின்றால் போதாது. வெளிமாநில போலீஸ் வந்தால் உள்ளூர் நிலையத்தில் பதிவு, உடன் செல்ல உள்ளூர்ப் பெண் காவலர், அந்த மணி நேரத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கைதுக் குறிப்பின் நகல்: இவற்றை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் எழுத்து உத்தரவாகவே பிறப்பிக்க வேண்டும். ஒவ்வொரு நிலையமும் கண்காணிக்க வைத்திருக்கும் சரித்திரப் பதிவேட்டிலும் வழக்கே இல்லாமல், சாதியால் மட்டும் ஏறிய பெயர்கள் இருந்தால், அவற்றை நீக்குவதும் அவர் பொறுப்பு.