எலுமிச்சம்பழத்துக்கு அப்புறம்

புதுக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றதும் நம்மவர்கள் அதற்குச் செய்யும் உபசாரத்தைப் பார்த்தால், வண்டி கொடுத்து வைத்தது என்றே தோன்றும். சந்தனம், குங்குமம், மாலை, தேங்காய். நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம். அப்புறம்? அடுத்த ஆயுத பூஜை வரையில் அதன் மூடியைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

"எந்தக் கார் நம்பத் தகுந்தது?" என்று நேயர்கள் நம்மைக் கேட்பதுண்டு. உத்தரபாராவில் உற்பத்தியான அம்பாஸடரையும், 1983-ம் வருஷம் டிசம்பரில் முதன் முதல் வெளிவந்த மாருதி 800-ஐயும் எண்ணிப் பாருங்கள். ஒன்று கனத்த சரீரம். மற்றொன்று 796 ஸி.ஸி. எஞ்சினுள்ள சிறு வண்டி. இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றது. அதுவரை அவை குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற்றதற்கு முக்கிய காரணம், சிற்றூர் மெக்கானிக்குக்கும் அவற்றின் நாடி தெரிந்திருந்ததுதான். ஆகவே கார் வாங்குகிறவர் வர்ணத்தை விசாரிக்குமுன், பழுது பார்ப்பவரும் உதிரிச் சாமான்களும் தம் ஊரில் உண்டா என்று விசாரிப்பது நலம்.

ஆனால் பாதி நம்பகம் தொழிற்சாலையில் உண்டாவது. மறுபாதி நம் வீட்டில் உண்டாக வேண்டியது. அதற்கு வாரம் பத்து நிமிஷம் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பின் அளவுகோலை உருவி எண்ணெய் பாருங்கள். குளிர்விக்கும் நீர் இரு கோடுகளுக்கு நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். சூடாயிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். கொதிநீர் முகத்தில் பீறிடும்.

டயர் விஷயத்தில் அலட்சியம் உயிருக்கே ஆபத்து. காற்றுக் குறைந்த டயர் ஓட ஓட வளைந்து சூடேறும். சித்திரை வெயிலில், குடும்பமும் மூட்டை முடிச்சும் ஏறிய வண்டியில், அது நெடுஞ்சாலையில் வெடிக்கக்கூடும். உரிய காற்றளவு பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவை ஒட்டி அச்சிடப்பட்டிருக்கும். வண்டி ஓடிச் சூடேறுமுன் அளக்க வேண்டும். பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயருக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கம் அதன் ஜாதகம்: 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் பிறந்தது.

பிரேக் திரவத்தைப் பலர் நினைப்பதே இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். உதகையிலிருந்து இறங்கும்போது ஓயாமல் பிரேக்கை மிதித்தால், அந்தச் சூட்டில் நீர் ஆவியாகிவிடும். திரவம் அழுத்தத்துக்கு மசியாது, ஆவியோ மசியும். கால் கீழே போகும், வண்டி நிற்காது! ஆகையால் சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதை மாற்றுவதும், மலையிறக்கத்தில் தாழ்ந்த கியரில் வருவதும் அவசியம்.

பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளை வீட்டில் இருந்தால், பையனாயினும் பெண்ணாயினும், பெரியவர் ஒருவர் அருகிலிருக்க இந்த வாராந்தரச் சோதனையை ஒப்புவிக்கலாம். வெப்பம், அழுத்தம், உராய்வு என்று நாம் கரும்பலகையில் எழுதித் தொண்டை வறளச் சொல்வதெல்லாம் காரின் மூடிக்கு அடியில் கண்கூடாக இருக்கின்றன.

எலுமிச்சம்பழம் வைப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அதை நசுக்கிக்கொண்டு புறப்படும் டயரையும் ஒரு முறை குனிந்து பார்த்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறோம்.