மக்கட்பேறும் அரசாணையும்

ஊரார் நோயின்றி வாழ்தற்பொருட்டு அரசாங்கம் தனிமனிதனின் விருப்பத்தை ஓரளவு கட்டுப்படுத்தலாம் என்பதை மறுப்பார் மிகச் சிலரே. குடிநீர்க் குளத்தில் அழுக்குத் துணி வெளுக்க ஒருவனுக்கு உரிமை இல்லை. தன் வீட்டிற் கண்ட கொள்ளைநோயை மறைத்து வைத்தற்கும் உரிமை இல்லை. பொதுச் சுகாதாரத்திற்கென விரிவானதொரு சட்டத்தை இந்தியாவில் முதன்முதல் இயற்றியது நம் சென்னை மாகாணமே. அஃது 1939-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பெரியம்மை இந்நாட்டை விட்டு 1975-இல் அகன்றதும், உலகினின்றே ஒழிந்ததென 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததும் இத்தகைய பொது முயற்சியின் பயன்களே.

ஆயின், நோயைத் தடுக்கும் இவ்வதிகாரம், ‘இன்னார் மகப்பெறலாம், இன்னார் மகப்பெறலாகாது’ என்று விதிக்குமளவும் நீளுமோ? இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள் என எண்ணினோர் முன்னும் இருந்தனர், இன்றும் உளர். அவை வெவ்வேறு மரங்கள் என்பதே யான் ஈண்டு நிறுவப் புகுவது.

டார்வினுக்கு உறவினரான பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1883-இல் ‘யூஜெனிக்ஸ்’ என்னும் பெயரைப் புனைந்தார். அதனை இனமேம்பாட்டியல் எனத் தமிழில் வழங்கலாம். உயர்ந்தோர் பல்குக, தாழ்ந்தோர் அருகுக என்பதே அதன் சாரம். உயர்ந்தோர் யாவர், தாழ்ந்தோர் யாவர் எனப் பகுக்கும் கோலைத் தம் கையில் வைத்திருந்தோர், தம்மை உயர்ந்தோர் வரிசையிலேயே நிறுத்திக்கொண்டனர் என்பது சொல்லாமலே விளங்கும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் இந்தியானா மாகாணம் 1907-இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றி வழிகாட்டியது. வர்ஜீனியா மாகாணம் 1924-இல் அதனைப் பின்பற்றியது.

அச்சட்டத்தைச் சோதித்தற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் காரி பக் என்னும் ஏழை இளம்பெண். பிறர் வீட்டில் வளர்ந்த அவளை அவ்வீட்டாரின் உறவினன் ஒருவன் கெடுத்தான். கருவுற்ற பெண்ணை வீட்டார், மனவளர்ச்சி குன்றியோர்க்கும் வலிப்பு நோயினர்க்கும் என அமைந்த விடுதிக்கு அனுப்பிவிட்டனர். அவள் தாயும் முன்னரே அங்கு அடைபட்டிருந்தாள். அவள் பெற்ற குழவியோ ஓராண்டும் நிரம்பாதது. ஊழியர் ஒருத்தி அதனைப் பார்த்து, ‘ஏதோ குறை தோன்றுகின்றது’ என்றாள். அவளுக்காக வாதாட வந்த வழக்கறிஞரோ அவ்விடுதியின் ஆட்சிக் குழுவில் முன்பு உறுப்பினராய் இருந்தவர்! 1927-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாகச் சட்டத்தை நிலைநிறுத்தியது. தாய், மகள், பெயர்த்தி என மூன்று தலைமுறை கண்டாயிற்று, இனி வேண்டா என்னும் பொருள்பட நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பெழுதினார். அவ்வாண்டே காரியின் உடல் அறுக்கப்பட்டது. குறையுடையதெனப் பெற்ற குழவி பின்னர்ப் பள்ளி சென்று, ஒருமுறை சிறந்த மாணவர் பட்டியலிலும் இடம்பெற்று, எட்டு வயதில் நோயால் இறந்தது. காரியை முதுமையிற் கண்டு உரையாடிய ஆராய்ச்சியாளரும் அவரிடத்து அறிவுக்குறை எதனையும் காணவில்லை.

இத்தீர்ப்பின் அடிப்படை யாது என்பதே நாம் ஊன்றி நோக்கற்பாலது. கட்டாயமாக அம்மை குத்துதலை நியாயமாக்கும் கொள்கை, கருக்குழாயை அறுத்தலையும் நியாயமாக்கும் என்பதே ஹோம்ஸின் வாதம். அதற்குச் சான்றாக அவர் காட்டியது 1905-ஆம் ஆண்டு வழக்கு ஒன்று. மாசசூசெட்ஸ் மாகாணத்தில் அம்மை குத்திக்கொள்ள மறுத்த ஜேக்கப்சன் என்னும் போதகர் தொடர்பானது அது. அவ்வழக்கில் விதிக்கப்பட்ட தண்டம் ஐந்து டாலர்! எவரும் அவர் கையைப் பற்றி ஊசி ஏற்றவில்லை. ஐந்து டாலர் தண்டத்தினின்று அறுவை மேடைக்கு ஒரே தாவலில் தாவிற்று அத்தீர்ப்பு.

அம்மை குத்துதல், குத்தப்படுபவனையும் அவன் அயலானையும் ஒருங்கே காப்பது. செல்வனுக்கும் வறியனுக்கும் ஒன்றே ஊசி. கட்டாயக் கருத்தடையோ அறுக்கப்படுபவளுக்கு யாதொரு நன்மையும் தருவதன்று. அறுக்கப்படுவோரும் எங்கணும் ஏழைகளும் ஆதரவற்றோருமே. முன்னது நோயைப் பகையாக்குகின்றது. பின்னது மனிதனையே நோயாக்குகின்றது.

இனி, அறம் ஒருபுறம் இருக்க, அறிவியலேனும் இதற்குத் துணை நிற்குமோ எனின், அதுவும் இல்லை. தாய்தந்தை இருவரிடமிருந்தும் வந்து கூடினாலன்றி வெளிப்படாத பரம்பரை நோய் ஒன்று பதினாயிரவரில் ஒருவரைப் பற்றுவதாகக் கொள்வோம். அங்ஙனமாயின், அந்நோயின் வித்தைத் தம்முள் தாங்கியும் நோயின்றி வாழ்வோர் ஏறக்குறைய ஐம்பதின்மரில் ஒருவர் ஆவர். வெளிப்பட்ட நோயினரை மட்டும் தலைமுறைதோறும் மகப்பேற்றினின்று விலக்கினால், அவ்வித்தின் அளவு பாதியாகக் குறைதற்கு நூறு தலைமுறை, அஃதாவது இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகள் செல்லும்! சங்கப் புலவர் காலத்தில் தொடங்கியிருப்பினும் இன்னும் முடிந்திராது. எஞ்சிய பாதியோ, குறையற்றோர் எனத் தம்மைக் கருதும் நம் குருதியிலேயே மறைந்து கிடக்கும்.

எனினும் அத்தீர்ப்பின் நிழலில் அமெரிக்காவில் அறுபதினாயிரத்திற்கு மேற்பட்டோர் கருத்தடை செய்யப்பட்டனர். ஜெர்மனியில் 1933-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் அக்கொடுமைக்கு உட்பட்டனர். குடியாட்சி தழைத்த சுவீடனும் 1934 முதல் 1975 வரை இதனைக் கைக்கொண்டது. திருச்சபையார் இதில் குற்றமற்றவர் என்று கூறவும் இயலவில்லை. அமெரிக்க இனமேம்பாட்டுச் சங்கத்தார் 1926-இல் சிறந்த பிரசங்கத்திற்குப் பரிசு அறிவித்தபொழுது, போட்டியிட்ட போதகர் பலர். அதே சமயத்தில், ஊனமுற்றோரைக் கொல்லும் ஆட்சிக்கு அஞ்சாது 1941-இல் மூன்ஸ்டர் நகரத்துப் பீடத்தினின்று முழங்கிய ஆயர் வான் கேலனும் திருச்சபையாரே.

பிற நாட்டார் குறையை எடுத்துரைத்த நாம் நம் நாட்டையும் நோக்குதல் முறை. அரசாங்கமே குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக 1952-இல் மேற்கொண்ட முதல் நாடு இந்தியா. மக்கட்பெருக்கம் உண்மையான இடராகவே அன்று தோன்றிற்று. அத்திட்டத்தை வகுத்தோர் கொடியருமல்லர். ஆயினும், நெருக்கடி நிலைக் காலத்தில் எண்ணிக்கையே தெய்வமாயிற்று. 1976–77 என்னும் ஓராண்டில் மட்டும் எண்பது இலட்சத்திற்கு மேற்பட்ட கருத்தடைகள் செய்யப்பட்டன. குறித்த தொகை ஆளைக் கொண்டுவராத பள்ளியாசிரியர்க்குச் சம்பளம் நிறுத்தப்பட்டது. இதனால் விளைந்த மரணங்களென ஷா விசாரணை ஆணையத்தின் அறிக்கை காட்டும் தொகை 1,774. நெருக்கடி நிலை ஒழிந்த பின்னரும் எண்ணிக்கை வெறி முற்றும் ஒழியவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில், சில மணி நேரத்திற்குள், 83 பெண்கள் அறுவைக்கு உட்படுத்தப்பட்டனர். அவருள் பதின்மூவர் மாண்டனர்.

‘கட்டாயம் இன்றேல் மக்கட்பெருக்கம் அடங்குமோ?’ என வினவுவோர்க்குக் கேரளமும் தமிழ்நாடுமே விடை. 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஒரு பெண் சராசரியாகப் பெறும் மக்கள் இவ்விரு மாநிலங்களிலும் 1.8. பெண்கள் எழுத்தறிந்தனர், மணவயது உயர்ந்தது, பிறந்த குழந்தை பிழைக்கும் என்னும் நம்பிக்கை தாய்மார்க்கு உண்டாயிற்று, பள்ளியிற் பசியாற உணவு கிடைத்தது. பிழைக்கும் பிள்ளையை நம்பியவளே சில பிள்ளைகளோடு அமைகின்றாள். இங்கும் கருத்தடையின் சுமையைப் பெண்களே பெரிதும் சுமந்தனர் என்பதை மறைத்தல் தகாது. எனினும் வழி கத்தியன்று, கல்வியே என்பது தெளிவு.

இக்கணக்கின் நிலையாமைதான் என்னே! பிள்ளைகளைக் குறைமின் எனக் கட்டாயப்படுத்தியது அக்காலம். 2024-இலோ தென்னாட்டு முதலமைச்சர் இருவர், பிள்ளைகளை மிகுதியாகப் பெறுமாறு மேடையிற் பேசினர். அரசின் தேவை ஐம்பது ஆண்டிற்கொருமுறை மாறும். அதற்கேற்பத் திறக்கவும் அடைக்கவும் பெண்ணின் கருப்பை அரசாங்கக் களஞ்சியமோ?

அங்ஙனமாயின், பரம்பரை நோயைத் தடுக்க முயலவே கூடாதோ எனின், அதுவன்று என் கருத்து. சைப்பிரஸ் தீவில் தலசீமியா என்னும் குருதிநோயின் வித்தைத் தாங்குவோர் எழுவரில் ஒருவர். அங்கே, மணம்புரிய வருவோர் குருதியைச் சோதித்து ஆலோசனை பெற்றமைக்குச் சான்று கொணர்தல் வேண்டும் எனத் திருச்சபையே விதித்தது. சோதனையின் முடிவு எதுவாயினும் திருமணத்தை அது தடுப்பதில்லை. உண்மையை அறிந்த பின் முடிவு செய்பவர் மணமக்களே. அந்நோயுடன் பிறக்கும் குழந்தைகள் அங்கு மிகமிகக் குறைந்துவிட்டனர். கருவிலேயே சோதித்துக் கலைத்தல் அதில் ஒரு பங்காதலின், அதுபற்றிய அறவினா இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆயினும், சோதிக்கச் சொல்லுதல் வேறு, தடுத்து அறுத்தல் வேறு என்னும் எல்லை அங்குப் பேணப்பட்டது.

ஆகவே, சுகாதாரத்தின் பெயரால் வரும் எத்திட்டத்தையும் நாம் மூன்று வினாக்களால் அளத்தல் வேண்டும். யாருடைய உடல் தொடப்படுகின்றதோ அவருக்கு அதனால் நன்மை உண்டா? அறிந்து உடன்பட்டனரா? மறுத்தால் தம் வீட்டிற்கு அச்சமின்றித் திரும்ப இயலுமா? இவற்றுள் ஒன்றற்கேனும் ‘இல்லை’ என்பது விடையாயின், அதற்குச் சுகாதாரம் என்னும் பெயர் பொருந்தாது.

மாணவத் தோழர்களே, நம்முள் சிலர் மருத்துவராவர், சிலர் ஆசிரியராவர், சிலர் அதிகாரிகளாவர். இத்தனை பேரைக் கொணர்க என்னும் ஆணை ஒருநாள் நம் மேசைக்கும் வரலாம். காரி பக்கின் ஏட்டில் கையொப்பமிட்டோரும் கல்லூரியிற் கற்றவரே. நற்செயல் புரிவதாகவே நம்பினவர். அவ்வாணையின்மேல் தொகை மட்டும் எழுதியிருக்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு பெயர் உண்டு என்பதை எழுத வேண்டியவர் நாமே.