சனிக்கிழமை மாலை வேண்டாம்

ஆண்டு இறுதி நெருங்கினால் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு தவறாமல் எழும். போனஸ் வரப்போகிறது, யாருடைய கைப்பேசியை மாற்றுவது, துணி துவைக்கும் இயந்திரம் இன்னும் ஓராண்டு தாங்குமா, மகனின் மடிக்கணினி உண்மையிலேயே பழுதா அல்லது அவனுக்குப் புதிது வேண்டுமா? உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். பேச்சு முற்றியதும் குடும்பமே கிளம்பிக் கடைத்தொகுதிக்குப் போகிறோம். அதுவும் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு.

அந்த நேரத்தில் மின்னணுக் கடைக்குள் நுழைந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் பிள்ளைகள் விளையாட்டுக் கணினியை விட்டு நகர மாட்டார்கள். இன்னொரு பக்கம் இருபது தொலைக்காட்சிகள் இருபது விதமாக அலறும். ஊழியர் ஒருவர், அவரைச் சுற்றி ஆறு பேர். நாம் கேட்பது அவருக்குக் கேட்காது, அவர் சொல்வது நமக்குப் புரியாது. கடைசியில் ‘சரி, இதையே எடுத்துக்கொள்கிறோம்’ என்று அட்டையை நீட்டிவிடுவோம்.

முடிந்தால் வார நாளில், கடை திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் போங்கள். வார இறுதிதான் கிடைக்கும் என்றால், ஞாயிறு காலையில் கதவு திறக்கும்போதே நில்லுங்கள். வேலை முடிந்து இரவு 8 மணிக்குப் போகலாமே என்பார்கள் இளையர்கள். முடிவெடுத்துவிட்ட பொருளை வாங்க அது நல்ல நேரம்தான். பழுது பார்க்கக் கொடுக்கவோ நிறையக் கேள்வி கேட்கவோ அது உதவாது. ஊழியர்கள் கணக்கு முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். பழுது என்றால் பெரும்பாலான கைப்பேசி நிறுவனங்களின் சேவை நிலையங்களில் இணையம்வழி முன்பதிவு செய்யலாம். முன்பதிவு இல்லாமல் போய்க் காத்திருப்பது அரைநாள் விடுப்பை வீணாக்கும் வேலை.

கடைக்குள் நின்றதும் முதலில் ஊழியரின் சட்டையைப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரிய கடைகளில் நம்மிடம் ஓடி வந்து பேசுபவர்களில் பலர் கடையின் ஊழியர்கள் அல்லர். ஏதோ ஒரு நிறுவனம் தன் பொருளை விற்பதற்காக அனுப்பி வைத்தவர்கள். சட்டையில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். தங்கள் பொருளைப் பற்றி அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அன்பாகவும் பேசுவார்கள். ஆனால் பக்கத்து அலமாரியில் இருப்பது உங்களுக்கு இன்னும் பொருத்தம் என்று அவர்கள் வாயால் வராது. இரண்டை ஒப்பிட வேண்டும் என்றால் கடையின் சொந்தச் சீருடையில் இருப்பவரைத் தேடிப் பிடியுங்கள்.

சென்ற மாதம் அப்பாவுக்குக் கைப்பேசி வாங்கப் போனோம். அவருக்கு 74 வயது. துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்துப் பழக்கத்தில் ஊழியரிடம் மலாயில் கேட்டார். அந்தப் பையனுக்கு மலாய் தெரியவில்லை. உடனே என் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், அப்பா அங்கே இல்லாததுபோல் பேச ஆரம்பித்துவிட்டான். அங்கிளுக்கு இது போதும், அங்கிளுக்கு அது தேவைப்படாது. பையனைக் குறை சொல்ல முடியாது. நம்மில் பலரும் பெற்றோரை இப்படித்தான் நடத்துகிறோம். எனக்குப் பிடிக்கவில்லை. “அவரிடமே கேளுங்கள், நான் மொழிபெயர்க்கிறேன்” என்று சொல்லிக் கைப்பேசியை அப்பாவின் கையில் கொடுத்தேன்.

அவர் கேமராவைப் பார்க்கவில்லை, திரையைக்கூடப் பெரிதாகப் பார்க்கவில்லை. கையில் வைத்துக் கொஞ்ச நேரம் தூக்கிப் பார்த்தார். “இது கனமா இருக்கும்மா. உங்க அத்தைகூட பேச உட்கார்ந்தா ஒரு மணி நேரம் ஆகும். கை வலிக்காதா?” தஞ்சாவூரில் இருக்கும் அத்தையுடன் வாரம் இரண்டு முறை வீடியோவில் பேசுவதுதான் அவருக்குக் கைப்பேசியின் முழுப் பயன். நான் வீட்டில் எழுதி வைத்திருந்த பட்டியலில் எடை என்பதே இல்லை. அவர் தேர்ந்தெடுத்தது நான் நினைத்ததைவிட 200 வெள்ளி குறைவு.

பெரியவர்களுக்கு வாங்கும்போது இன்னும் சிலவற்றைக் கடையிலேயே பார்த்துவிடலாம். எழுத்தின் அளவை ஆகப் பெரிதாக்கி, மொழியைத் தமிழுக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். சில கைப்பேசிகளில் பெரிய எழுத்து திரையை விட்டு வெளியே ஓடும். மணியோசையை அந்த இரைச்சலில் ஒலிக்கவிடுங்கள். அங்கே அவருக்குக் கேட்டால் ஈரச்சந்தையிலும் கேட்கும். வாங்கியதும், கிளம்பும் முன் விரல் ரேகையைப் பதிவு செய்து பாருங்கள். வயதானவர்களுக்கும், காலமெல்லாம் கையால் உழைத்தவர்களுக்கும் ரேகை தேய்ந்து போயிருக்கும். சாதனம் அடையாளம் காணாமல் அடம்பிடிக்கும். அப்படியானால் ரகசிய எண்தான் வழி. அந்த எண்ணை அவரே தேர்ந்தெடுக்கட்டும். நாம் வைத்த எண் அவருக்கு நினைவில் நிற்காது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, பழைய கைப்பேசியைப் பற்றி. எங்கள் புளோக்கில் ஓர் அண்ணன் இருக்கிறார், பணி ஓய்வு பெற்றவர். மனைவி தவறி இரண்டு ஆண்டு ஆகிறது. கூட்டம் நிறைந்த ஒரு கடையில் புதிய கைப்பேசி வாங்கியபோது, பழையதைக் கொடுத்தால் 80 வெள்ளி கழிவு என்றார்கள். ஊழியர் உதவியாகப் படங்களையும் தொடர்பு எண்களையும் புதியதற்கு மாற்றிக் கொடுத்தார். பிறகு பழையதில் இருந்த அனைத்தையும் அழித்துப் பெட்டியில் போட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் படங்கள் எல்லாம் இருந்தன. வாட்ஸ்அப்பில் அக்கா அனுப்பியிருந்த குரல் பதிவுகள் இல்லை. வரும்போது கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னது, மருந்து சாப்பிட்டாயிற்றா என்று கேட்டது, அவ்வளவுதான். மறுநாள் கடைக்கு ஓடினார். அந்த ஊழியர் வருந்தினார், வேறு என்ன செய்வார்? அண்ணன் இதை மின்தூக்கியில் என்னிடம் சொன்னபோது 11வது மாடி வந்தது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அதனால், வாங்கும் அதே நாளில் பழையதைக் கொடுக்காதீர்கள். சில நாள் கழித்துக் கொண்டுவரலாமா என்று கேளுங்கள். சில கடைகள் ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தக் கழிவை விட்டுவிடலாம். படங்கள் மாறிவிட்டதால் வாட்ஸ்அப்பும் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை, அதற்குத் தனியாகக் காப்புப்பிரதி எடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு என்றால் அது கூகல் கணக்கில் போய்ச் சேரும்; இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் காப்புப்பிரதி முடியாமல் நின்றுவிடும், நாம் கவனிக்கவும் மாட்டோம். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுபவர்கள், புதியதை முதன்முதலாக இயக்கி அமைக்கும்போதே உரையாடல்களையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. இதையெல்லாம் வீட்டில், உட்கார்ந்து, நல்ல வைஃபையில் செய்யுங்கள். கடையின் நடைபாதையில் நின்றுகொண்டு செய்கிற வேலையல்ல.

இன்னொரு காரணமும் உண்டு, இது இளையர்களுக்கு. வங்கிக்கான மின்னிலக்க அடையாள வில்லை உங்கள் பழைய கைப்பேசியில்தான் இருக்கிறது. மோசடிகளைத் தடுக்க 2022ல் வந்த விதிமுறைப்படி, புதிய சாதனத்தில் அதை இயக்கக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஞாயிறு இரவு பழையதை ஒப்படைத்துவிட்டுத் திங்கள் காலை வாடகையோ பள்ளிக் கட்டணமோ மாற்ற உட்கார்ந்தால் கைகட்டி நிற்க வேண்டியதுதான். சிங்பாஸ் செயலியையும் புதியதில் அமைத்து, ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்த பிறகு பழையதை அழியுங்கள்.

பழுதுக்குக் கொடுக்கும்போதும் காப்புப்பிரதி முதலில். சிம் அட்டையைக் கழற்றிக்கொள்ளுங்கள். ரகசிய எண்ணைத் தாளில் எழுதிக் கேட்டால் தயங்காமல் காரணம் கேளுங்கள். சாம்சுங், பிக்சல் கைப்பேசிகளின் புதிய ரகங்களில், உங்கள் படங்களையும் செய்திகளையும் மறைத்துவிட்டுச் சாதனத்தை மட்டும் சோதிக்க விடும் பழுதுபார்ப்பு நிலை இருக்கிறது. ஐபோனுக்கு ஆப்பிள் கணக்கின் மறைச்சொல் தேவைப்படலாம். அம்மா அப்பாவின் கைப்பேசியைக் கொண்டுபோகும் பிள்ளைகள் வரிசையில் ஒரு மணி நேரம் நின்ற பிறகுதான் அது யாருக்கும் தெரியாது என்று கண்டுபிடிப்பார்கள். புறப்படும் முன் வீட்டிலேயே சரிபாருங்கள்.

விலைக்கு வருவோம். ஒட்டியிருக்கும் விலையில் பொருள் சேவை வரி 9 விழுக்காடு சேர்ந்திருக்கிறதா, கொடுக்கப்போகும் மொத்தத் தொகை எவ்வளவு, அதில் உத்தரவாதத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா? இந்த மூன்றையும் அட்டையை நீட்டும் முன் கேளுங்கள். 2014ல் சிம் லிம் ஸ்குவேரில் வியட்நாமியச் சுற்றுப்பயணி ஒருவர் 950 வெள்ளி கொடுத்து ஐபோன் வாங்கிய பிறகு, உத்தரவாதத்துக்கு இன்னும் 1,500 வெள்ளி கேட்டார்கள். அவர் மண்டியிட்டு அழுத காணொளி உலகமெல்லாம் சுற்றியது. கடைக்காரருக்கு அடுத்த ஆண்டு 33 மாதச் சிறை. அந்தக் கட்டடத்தில் நேர்மையான கடைகள் நிறைய உண்டு, நானே வாங்கியிருக்கிறேன். ஆனால் காகிதத்தில் இருப்பதைப் படிக்காமல் கையெழுத்திடும் பழக்கம் சுற்றுப்பயணிகளுக்கு மட்டும் சொந்தமில்லை.

நீட்டிக்கப்பட்ட உத்தரவாதத்தை அங்கேயே முடிவு செய்யும்படி அவசரப்படுத்துவார்கள். தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, இது எதற்கெல்லாம் பொருந்தாது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கீழே விழுந்து உடைவதற்குப் பொருந்தாத உத்தரவாதத்தை, பள்ளிப் பிள்ளையின் கைப்பேசிக்கு வாங்கி என்ன பயன்?

வாங்கிய பொருள் சரியில்லை என்றால்? மனம் மாறியதற்காகப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. அது கடையின் விருப்பம். குறை இருந்தால் கதை வேறு. ‘லெமன் சட்டம்’ என்று சொல்லப்படும் விதிகள் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ளன. வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. முதலில் பழுது நீக்கம் அல்லது மாற்றுப் பொருள், அது சரிப்படாவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணம் திரும்பப் பெறுதல். பழைய பொருளை வாங்கினாலும் இது பொருந்தும். கடை மசியாவிட்டால் ‘கேஸ்’ எனப்படும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அதற்கும் மேல் சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமல். இதற்கெல்லாம் ரசீது வேண்டும். கடை ரசீதின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். அன்றே படம் எடுத்து வையுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்னழுத்தம் இங்கும் இந்தியாவிலும் 230 வோல்ட்தான், செருகி மட்டும் வேறு. உத்தரவாதம் அங்கே செல்லுமா என்பதைக் கேட்காமல் வாங்க வேண்டாம். இங்கு மட்டும் செல்லும் உத்தரவாதம் என்றால், கும்பகோணத்தில் கெட்டுப்போனதை அடுத்து யாராவது வரும்வரை அலமாரியில் வைத்திருக்க வேண்டிவரும்.

குளிர்பதனப் பெட்டி போன்ற பெரிய பொருள் என்றால் வீட்டுக் கதவின் அகலத்தையும் வைக்கும் இடத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பருவநிலைப் பற்றுச்சீட்டுகளை இன்னும் பயன்படுத்தாதவர்கள் சிங்பாஸ்வழி வீட்டிலேயே பெற்றுக்கொண்டு புறப்படுங்கள். 2027 இறுதிவரை செல்லும். எந்த ரகத்துக்குச் செல்லும் என்பதை விலைச்சீட்டில் பார்க்கலாம். புதியதைக் கொண்டுவந்து இறக்கும்போது அதே வகைப் பழைய சாதனத்தை இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும் என்பது 2021 ஜூலையிலிருந்து விதி. அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வாங்கும்போதே ரசீதில் எழுதச் சொல்லிவிட்டால் வாசலில் வாக்குவாதம் இருக்காது. இழுப்பறையில் கிடக்கும் பழைய கைப்பேசிகளையும் மின்னூட்டிகளையும் கடைத்தொகுதியில் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போடலாம். போடும் முன் ஒவ்வொன்றையும் மின்னூட்டி இயக்கி, உள்ளே யாருடைய குரல் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.