பசையின்றிப் பிணையும் தரைப்பலகைகளும் நம் நாட்டுப் பருவநிலையும்

சாந்து வேண்டா, பசை வேண்டா, ஆணி வேண்டா, ஒரே நாளில் ஓர் அறையின் தரை முடிந்துவிடும் என்னும் உறுதிமொழியுடன் பிணைப்புப் பலகைகள் நம் நகரங்களின் கடைகளில் சிப்பம் சிப்பமாக அடுக்கப்பட்டுள்ளன. அலுவலகங்களிலும் பள்ளிகளின் நூலக அறைகளிலும் இவற்றை இடலாமா என்னும் வினா இனிக் களப்பணியாளரிடம் வந்து சேராமலிராது. இதற்கு 'ஆம்' என்றோ 'அன்று' என்றோ ஒரே சொல்லில் விடை கூறுவது தவறாகும். பலகையின் தரத்தைக் காட்டிலும் அது இடப்படும் ஊரும் அறையுமே இங்கு முதன்மையானவை.

தச்சர் நெடுங்காலமாக அறிந்த நாக்கு-காடி இணைப்பில், ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் காடிக்குள் நுழைகிறது. பலகைகள் மேலும் கீழும் நகராமல் இது தடுக்கும்; ஆனால் பக்கவாட்டில் விலகுவதைத் தடுக்காது. அதற்காகவே பசையோ ஆணியோ தேவைப்பட்டது. புதிய முறையில் காடியின் கீழுதடு சற்று நீண்டு, நுனியில் ஒரு சிறு கொக்கியாக மேலெழுகிறது. பலகையைச் சாய்வாகப் பிடித்து நாக்கை உள்ளே செலுத்திக் கீழே அழுத்தினால், அக்கொக்கி நாக்கின் அடியிலுள்ள பள்ளத்தில் அமர்ந்து பக்க விலகலையும் தடுத்துவிடுகிறது. சுவீடன் நாட்டு வாலிங்கே நிறுவனம் இத்தகைய பூட்டை 1996-ஆம் ஆண்டில் அலுமினியப் பட்டையுடன் வெளியிட்டது. பெல்ஜியத்தின் யூனிலின் நிறுவனம் 1997-இல், உலோகமின்றிப் பலகையிலேயே கடைந்தெடுத்த பூட்டைக் கொணர்ந்தது.

ஆணியின்றி மரத்தைப் பிணைப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. காஷ்மீரத்தின் கதம்பந்த் விதானங்களில் சிறு மரத்துண்டுகள் காடியிட்ட சட்டங்களுக்கிடையே கோக்கப்படுகின்றன. வேண்டும்போது அவற்றைக் கழற்றி வேறோரிடத்தில் பூட்டவும் இயலும். அக்கைவினைஞர் மரத்தைத் தம் ஊர்க் குளிருக்கும் வெயிலுக்கும் பழக்கியே பயன்படுத்தினர். தொழிற்சாலைப் பலகையோடு வருவது ஒரு அச்சிட்ட குறிப்புத்தாள் மட்டுமே. அது பெரும்பாலும் குளிர்காலத்தில் சூடேற்றப்படும் ஐரோப்பிய வீடுகளை எண்ணி எழுதப்பட்டது.

நடுவிலுள்ளது அழுத்திய மரநார்ப் பலகையாயின் அதுவும் மரமே. காற்றின் ஈரத்திற்கேற்ப அது விரியும், சுருங்கும். 30 பாகை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக இருக்கையில் மரத்தில் சுமார் 6 சதவீத நீர் தங்கும். காற்றில் 80 சதவீதமாகும்போது அது சுமார் 15 சதவீதமாக உயரும். மேற்கு ராஜஸ்தானத்தின் கோடையும் மும்பையின் ஜூலை மாதமும் ஏறக்குறைய இவ்விரு எல்லைகள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 287 என்னும் தரக்குறிப்பு, காற்றின் ஆண்டுச் சராசரி ஈரப்பதத்தைக் கொண்டு நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, வெட்டுமரத்திற்கு மண்டலந்தோறும் வெவ்வேறு ஈர அளவை விதிக்கிறது. கதவுக்கும் சன்னலுக்கும் பொருந்தும் இந்நெறி தரைக்கு மட்டும் எவ்வாறு பொருந்தாது போகும்?

இத்தரை கீழ்த்தளத்தோடு ஒட்டப்படுவதில்லை. ஒரே விரிப்பாக மேலே மிதந்து கிடக்கிறது. ஆகவே சுவரோரம் நாற்புறமும் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுமாறு கூறுவர். இவ்விடைவெளியை அழகுக் குறைவென்று கருதிச் சாந்திட்டு அடைப்பவர் உண்டு. அடைபட்டால் நேர்வதை எட்டாம் வகுப்பு மாணவனும் பிதாகரசின் தேற்றத்தால் கணக்கிடலாம். அறையின் அகலம் 5 மீட்டர் என்க. தரை 2 மில்லிமீட்டர் மட்டுமே மிகுந்து, இருபுறமும் நகர வழியின்றி நடுவில் கூரைபோல் மடிகிறதெனில், பாதி அகலம் 2,500 மில்லிமீட்டர். சாய்ந்த பாதி 2,501 மில்லிமீட்டர். நடுவின் உயரம் ஏறத்தாழ 71 மில்லிமீட்டராகும்! பலகை சிறிது நெரிவதாலும் தன் எடையாலும் உண்மையில் இவ்வளவு எழுவதில்லை. ஆயினும் ஒரு குழந்தையின் கால் தடுக்க இதில் பத்திலொரு பங்கு போதும். எதிரெதிர்ச் சுவர்களை ஒட்டி நிறுத்திய இரண்டு இரும்புப் பீரோக்களும் இதே தீங்கைச் செய்யும். இடைவெளி விட்டும் அது பயனற்றுப் போகும்.

அடுத்தது அடித்தளத்தின் ஈரம். புதிய கான்கிரீட்டு வெளிக்கு உலர்ந்ததுபோல் தோன்றினும் உள்ளே பல வாரங்கள் நீரைக் கொண்டிருக்கும். 45 சென்டிமீட்டர் சதுரமான பாலிதீன் தாளொன்றைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் அடைத்து, 16 மணி நேரம் விட்டுப் பார்க்கவேண்டும். தாளின் அடியில் நீர்த்துளி அரும்பினாலோ கான்கிரீட்டின் நிறம் கறுத்தாலோ பலகை இடும் காலம் இன்னும் வரவில்லை. செலவற்ற இச்சோதனையைக் கூடச் செய்யாமல் திறப்புவிழா நாளைக் கொண்டே வேலையை முடிப்பது நம்மிடையே உள்ள பெருங்குறை. ரசமட்டத்தை மறப்பது இன்னொன்று. மேடுபள்ளமான தளத்தில் ஒவ்வொரு காலடியும் பூட்டை வளைக்கும். நாளடைவில் கொக்கி முறியும்.

நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் தரையை வாளி நீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் உண்டு. வெறுங்காலோடு நடந்து தரையிலேயே அமரும் மக்களுக்கு அது நல்ல வழக்கமே. ஒரு பலகைக்காக அதைக் கைவிடச் சொல்வது முறையன்று. தாழ்வாரம், உணவுக்கூடம், கடலோர ஊர்களின் கீழ்த்தள அறை ஆகியவற்றில் மரநார்ப் பலகையை இடாதிருப்பதே தக்கது. சுண்ணாம்புக்கல் தூளையும் பி.வி.சி.யையும் கலந்து செய்த பலகை நீரில் உப்புவதில்லை என்பது மெய். ஆனால் மூட்டுகளின் வழி இறங்கிய நீர் அடியில் தேங்கினால் பூஞ்சை தோன்றும். சன்னலோர வெயிலில் அப்பலகையும் விரியும். அவ்விடங்களில் கோட்டாக் கல்லும் மொசைக்கும் இன்னும் நெடுங்காலம் நன்றாகவே உழைக்கும்.

இவற்றால் பிணைப்புப் பலகையே வேண்டாவென்பது பெறப்படாது. குளிர்ந்த மலையூர்களின் மாடி அறைகள், வாடகைக் கட்டடத்தில் இயங்கும் அலுவலகங்கள் போன்றவற்றில் இது நன்கு பயன்படும். கழற்றி எடுத்துச் சென்று மறுபடி பூட்டலாம் என்பது பசையிட்ட தரைக்கு இல்லாத பெருநன்மை. நடுவில் ஒன்று கெட்டால் சுவரோரத்திலிருந்து கழற்றிக்கொண்டு வரவேண்டும். அதற்காக அதே வகையில் ஒரு சிப்பத்தை மிச்சமாக வைத்திருப்பது அறிவுடைமை.

ஆசிரியர்கள் வெட்டிக் கழித்த துண்டு இரண்டினைப் பெற்று ஓர் எளிய சோதனை நடத்தலாம். ஒன்றை மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் செறிவுற்ற உப்புக் கரைசலுக்கு மேலே, கரைசல் தொடாதவாறு வைக்கவேண்டும். அங்குக் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதமாக நிலைக்கும். மற்றதைச் சிலிகா ஜெல் இட்ட பாத்திரத்தில் வைக்கவேண்டும். வாரந்தோறும் எடையையும், வெர்னியர் அளவியால் தடிப்பையும் குறித்துவந்தால், எடை முதலிலும் தடிப்பு பின்னரும் வேறுபடுவதை மாணவர் தாமே காண்பர். களப்பணியாளரும் பலகை வாங்குவதற்கு முன் இதே சோதனையைத் தம் அலுவலகத்தில் செய்யலாம். மூன்று நான்கு வாரமும் இரண்டு பாத்திரங்களுமே அதற்கு ஆகும் செலவு.