யாருக்காக வரைகிறோம்?

கட்டிடக்கலை மாணவனின் சிருஷ்டி முயற்சியைப் பற்றி நமது கல்விமான்கள் பேசும்பொழுதெல்லாம் ஒரு பழைய குரல் புதிய உடை தரித்து நம் முன் வந்து நிற்கிறது. "கற்பனைக்கு வேலி போடாதீர்கள், மாணவன் முதலில் சுதந்திரமாகக் கனவு காணட்டும், செலவு, சீமெந்து, கூலி முதலிய உலகியல் விவகாரங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது அக்குரலின் சாரம். இலக்கியத்திலே "கலை கலைக்காகவே" என்று முழங்கியவர்களோடு நாம் நீண்ட காலம் வாதாடியிருக்கிறோம். அங்கே தோற்றோடிய அதே கோட்பாடு, எவருடைய கண்ணிலும் படாமல், இங்கே வரைபலகையின் மறைவில் சுகமாகக் குடியிருந்து வருகிறது. கவிதையொன்று மக்களை மறந்துவிட்டால் மக்களும் அதனை வாசியாமல் விட்டுவிடலாம். வீடொன்று மக்களை மறந்துவிட்டால் அதற்குள் அவர்கள் வாழ்ந்தே தீரவேண்டும்.

இறுதியாண்டு மாணவர்களின் வடிவமைப்புகள் காட்சிக்கு வைக்கப்படும் மண்டபங்களிலே நாம் பெரும்பாலும் காண்பது என்ன? கடலோர உல்லாச விடுதி, மலைச்சாரலில் ஒரு தியான நிலையம், தலைநகரில் ஒரு நூதனசாலை, எவர் கேட்டதோ தெரியாத ஒரு பண்பாட்டு மையம். ஒவ்வொன்றின் கீழும் 'எண்ணக்கரு' என்னும் தலைப்பில் நாலைந்து வரிகள்: தாமரை விரிந்து கூரையாயிற்றாம், சங்கு சுழன்று மாடிப்படியாயிற்றாம், பனையோலை மடிந்து சுவராயிற்றாம். படங்களிலே உலாவும் மனிதர்களையும் சற்றே உற்றுப் பாருங்கள். கணினியின் களஞ்சியமொன்றிலிருந்து வெட்டியெடுத்து ஒட்டப்பட்ட, மெலிந்த, நிழல்போன்ற உருவங்கள் அவை. அவர்களிடையே சாரம் கட்டியவர் இல்லை. கொழுந்துக் கூடை சுமந்தவர் இல்லை. குழந்தையை இடுப்பில் ஏந்தியபடி தண்ணீர்க் குடத்துக்குக் காத்திருப்பவள் இல்லை. கட்டிடத்தின் பயன் யாருக்கு என்பதை மாணவன் தன் வாயால் சொல்லவேண்டியதில்லை. அவன் ஒட்டிய உருவங்கள் சொல்லிவிடுகின்றன.

மாணவரிடம் திறமை இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. இரவிரவாகக் கண்விழித்து உழைக்கிறார்கள். அவ்வுழைப்பை இத்திசையிலே ஓடவைக்கும் கல்வி முறையோடுதான் நமக்குச் சண்டை.

அம்முறையின் பூர்வீகத்தை அறிந்துகொள்வது நல்லது. பாரிஸ் நகரின் நுண்கலைக் கல்லூரியாகிய எக்கோல் தெ போசாரில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கட்டிடக்கலை மாணவன் போட்டிகளின் மூலமே மதிப்பிடப்பட்டான். தலைப்புக் கையில் கிடைத்ததும் தனியறையொன்றில் அடைபட்டு, பிறர் உதவியின்றி, பன்னிரண்டு மணி நேரத்துள் முதல் வரைவை முடித்தல் வேண்டும். பின்னர் வாரக்கணக்கில் அதனை விரித்துத் தீட்டும்போது அந்த முதல் எண்ணத்திலிருந்து விலகலாகாது. காலக்கெடு முடிகையில் வரைபடங்களைச் சேகரிக்க ஒரு கைவண்டி வரும். வண்டியின் பிரெஞ்சுப் பெயர் 'சாரெத்'. ஓடும் வண்டியோடு ஓடிக்கொண்டே மாணவர் கடைசிக் கோடுகளைப் போட்டனராம். காலக்கெடுவுக்கு முந்திய அவசர உழைப்புக்கு இன்றும் உலகெங்கும் கட்டிடக்கலைக் கூடங்களிலே அந்த வண்டியின் பெயர்தான் வழங்குகிறது. வண்டி போய்விட்டது, வண்டி ஓட்டிய மனப்பான்மை போகவில்லை. முதல் எண்ணமே தெய்வ வாக்கு, அது தனியறையில் தோன்றும், அதனைக் கேள்வி கேட்க வெளியார் எவருக்கும் இடமில்லை என்னும் நம்பிக்கை அந்தப் பன்னிரண்டு மணி நேரச் சிறையிலே வளர்ந்ததாகும்.

இம்முறையின் உச்சியிலிருந்தது ரோமாபுரிப் பரிசு. வென்றவன் அரச செலவில் ரோம் நகரில் தங்கிப் பழம்பெரும் இடிபாடுகளை அளந்து வரைந்து அனுப்பவேண்டும். 1899ஆம் ஆண்டு அப்பரிசை வென்றவர் தொனி கார்னியே என்னும் இளைஞர். பட்டுத் தொழிலாளரின் நகரமாகிய லியோனிலே பிறந்தவர் அவர். இடிபாடுகளை வரையவேண்டிய நேரத்தில் அவர் ஒரு கைத்தொழில் நகரத்தை வரையத் தொடங்கினார். வேலைத்தலம் எங்கே, வீடு எங்கே, பாடசாலை எங்கே, வெய்யிலும் காற்றும் ஒவ்வொரு அறைக்கும் எவ்வழியாக வரும், நீர்மின்சாரம் எங்கிருந்து கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டார். அந்நகரத்திலே சிறைச்சாலை இல்லை, படைமுகாம் இல்லை, காவல்நிலையம் இல்லை, தேவாலயமும் இல்லை. நிலம் பொதுவுடைமையானால் அவற்றுக்குத் தேவை இராது என்பது அவர் கருத்து. 1901இல் அவர் அனுப்பிய வரைபடங்களைப் பாரிஸ் பெரியவர்கள் ஏற்கவில்லை. கடமைக்காகத் துஸ்குலம் என்னும் பழநகரின் இடிபாடுகளையும் வரைந்து கொடுத்துவிட்டுத் தம் நகரத்தையும் அவர் வரைந்து முடித்தார். 1917இல் அது நூலாக வெளிவந்தது. பிறகு தமது லியோன் நகரிலே மருத்துவமனையையும் தொழிலாளர் குடியிருப்பையும் கட்டினார்.

கற்பனை வேண்டாம் என்று நாம் சொல்வதாக எண்ணுவோர் கார்னியேயைக் கவனிக்கவேண்டும். சிறைச்சாலையற்ற நகரத்தை நினைப்பதற்கு அபாரமான கற்பனை வேண்டும். ஆயினும் அவருடைய கனவு தாமரையிலிருந்து தொடங்கவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் மனிதனுடைய களைப்பிலிருந்து தொடங்கிற்று. ரோமாபுரிப் பரிசோ 1968ஆம் ஆண்டின் மாணவர் கிளர்ச்சியோடு ஒழிந்தது. அவ்வாண்டின் இறுதியில் கட்டிடக்கலைக் கல்வியே அந்தக் கல்லூரியிலிருந்து பிரிக்கப்பட்டது.

நமது நாட்டிலே 1961இல் கட்டுபெத்தையில் கட்டிடக்கலைப் பாடநெறி ஆரம்பமாயிற்று. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1948இல், கண்டியில் பிறந்த மினெத் த சில்வா பிரித்தானியக் கட்டிடக்கலைஞர் சங்கத்தின் உறுப்புரிமையைப் பெற்ற முதல் ஆசியப் பெண்மணியாகத் திகழ்ந்தார். பம்பாயில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1942ஆம் ஆண்டு விடுதலைக் கிளர்ச்சியின்போது காந்தியடிகளின் விடுதலை கோரிய கூட்டத்திற்குச் சென்றமைக்காகக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். நமது மாணவர் எத்தனை பேருக்கு இந்த வரலாறு சொல்லிக்கொடுக்கப்படுகிறது?

அவரது முதல் வீடு கண்டிச் சரிவிலே வசதி படைத்த ஒரு குடும்பத்துக்காக எழுந்தது. உள்ளூர்க் குயவரின் ஓடுகளும் தும்பறைப் பாய் நெசவும் அதில் இடம்பெற்றன. ஆயினும் நமக்கு முக்கியமானது அதுவன்று. 1958ஆம் ஆண்டளவில் கண்டியை அடுத்த வட்டப்புலுவையில் அவர் அமைத்த வீடமைப்புத் திட்டமே. இருநூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள். பெரும்பாலும் அரசாங்க ஊழியர். கோடு போடுமுன் அவர் குடியிருக்கப் போகிறவர்களிடம் வினாக்கொத்தோடு போனார். எப்படிச் சமைக்கிறீர்கள், எங்கே வழிபடுகிறீர்கள், எத்தனை பேர், எவ்வளவு செலவிட முடியும் என்று கேட்டார். கிடைத்த விடைகளிலிருந்து சில மாதிரி வீடுகள் உருவாயின; அவற்றைத் தத்தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் இடம் இருந்தது. 1958 எத்தகைய ஆண்டு என்பதை நமது வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. இனக்கலவரத்தில் நாடு எரிந்த ஆண்டில், வெவ்வேறு இனத்தவர் அயலவராய் வாழ்வதற்கென ஒரு மலைச்சரிவு வரையப்பட்டது. இதனை விடச் சிருஷ்டிகரமான வடிவமைப்பு எது என்று கேட்கிறோம்.

நமது வடிவமைப்புக் கூடங்களில் அதிகம் உச்சரிக்கப்படும் பெயர் ஜெஃப்ரி பாவாவினுடையது. அவரது மேதைமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவரிடமிருந்து கற்கப்படுவது எது? முற்றமும் தூணும் குளமும் அழகிய நிழற்படமாகக் கற்கப்படுகின்றன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கண்ணாடியும் உருக்கும் இறக்குமதி செய்வது அரிதாயிற்று. உள்ளூர் மரமும் ஓடும் கல்லும் செங்கட்டியும் அந்த நிர்ப்பந்தத்திலேதான் மதிப்புப் பெற்றன. தட்டுப்பாடு ஒரு கலைஞனுக்கு ஆசானாயிற்று என்னும் பாடம் விடுபட்டு, உல்லாசப் பிரயாணிக்கு விற்கக்கூடிய தோற்றம் மட்டும் மிஞ்சிற்று.

தமிழ் மாணவரிடையே இன்னொரு மயக்கத்தையும் காண்கிறோம். மரபைக் காப்பதென்று புறப்பட்டு யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை வரைகிறார்கள். நடுமுற்றத்து வெளிச்சமும், சோழகக் காற்றுக்கு ஏற்ற தாழ்வாரமும், தெருவோடு பேசும் திண்ணையும் அறிவார்ந்த அமைப்புகள், ஐயமில்லை. ஆனால் அவ்வீட்டின் தலைவாசலைத் தாண்டி உள்ளே வர எவருக்கு உரிமையிருந்தது? வளவின் கிணற்றில் அள்ள முடியாமல் பட்டையோடு காத்துநின்றவர் யார்? சுண்ணாம்பு குழைத்தவனும் கிடுகு பின்னியவளும் தாம் கட்டிய வீட்டுக்கு வெளியே நின்றார்கள். காற்றோட்டத்தைப் படத்தில் அம்புக்குறியிட்டுக் காட்டுகிற மாணவன், மனிதரின் நடமாட்டத்தைச் சாதி எங்கெங்கே மறித்தது என்பதற்கும் ஓர் அம்புக்குறி போடட்டும். மரபை ஆராயும் யோக்கியதை அப்பொழுதுதான் அவனுக்கு வரும்.

இனி, நமது கண் முன்னால் நடந்த ஒன்று. போருக்குப் பின் வடக்குக் கிழக்கில் வீடிழந்தோர்க்காக இந்திய உதவியுடன் 50,000 வீட்டுத் திட்டம் 2010இல் அறிவிக்கப்பட்டது. பெரும்பாலானோர்க்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட, குடும்பத்தவரே நின்று கட்டினார்கள். கல்லரிந்தார்கள், அத்திவாரம் வெட்டினார்கள், மேசன் கிடைக்காமல் அலைந்தார்கள், பலர் கடன்பட்டும் போனார்கள். ஆனால் எந்தப் பக்கம் வாசல், எந்தப் பக்கம் குசினி என்பதைத் தாமே தீர்மானித்தார்கள். பின்னர், 2016ஆம் ஆண்டளவில், ஒரு பன்னாட்டு உருக்கு நிறுவனத்தின் மூலம் 65,000 பொருத்து வீடுகளை அமைக்கும் யோசனை வந்தது. ஒன்றின் விலை இருபது லட்ச ரூபாவுக்கும் மேல். வெப்பம் தாங்குமா, எத்தனை ஆண்டு நிற்கும், பிள்ளை வளர்ந்தால் ஓர் அறை கூட்டிக் கட்ட முடியுமா, உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் இதில் என்ன கிடைக்கும் என்று பொறியியலாளரும் கட்டிடக்கலைஞரும் சமூக அமைப்புகளும் மக்களும் கேட்டார்கள். யோசனை அந்த வடிவிலே நிறைவேறவில்லை. ஒரு தலைமுறை மாணவருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சித் தலைப்பு வாய்த்திருக்குமா? ஒரு சன்னலின் இடத்திலிருந்து உலக மூலதனம் வரை அதனுள் அடங்கியிருந்தது. அந்த நாட்களில் தாமரை வரைந்துகொண்டிருந்தவர்களை என்னென்பது!

மலையகத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? வெள்ளைத்துரைமார் கட்டிய 10 அடிக்கு 12 அடி லயன் அறைகளில் இன்றும் பெருந்தொகையான தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. அந்த அறையும் ஒரு 'வடிவமைப்பே' என்பதை மறவாதீர்கள். யாரோ ஒருவன் மேசையிலிருந்து அதனை அளந்து வரைந்தான். ஒரு தொழிலாளி உறங்கி எழ எவ்வளவு இடம் போதும் என்று கணக்கிட்டான். அவள் எங்கே உடை மாற்றுவாள், புகை எவ்வழியே போகும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எந்த மூலையில் விளக்கை வைக்கும் என்பவை அவனுடைய கணக்கில் வரவில்லை. அந்தக் கணக்கைத் திருத்தி எழுதுவதற்கு நூதனசாலை வரைவதற்கு வேண்டியதிலும் கூடுதலான நுண்ணறிவு வேண்டும். ஏழு பேர்ச்சஸ் காணி, மழையில் நழுவும் சரிவு, வரையறுத்த பணம், மூன்று தலைமுறைக் குடும்பம் என்று கையில் கொடுத்துப் பாருங்கள், மாணவனின் கற்பனை அங்கேதான் மூச்சுவாங்கும், அங்கேதான் வளரும்.

வடிவமைப்புக் கூடத்தின் வர்க்கத் தன்மையும் கவனத்துக்குரியது. விலையுயர்ந்த மடிக்கணினி, மாதிரியுருவுக்கான அட்டையும் மரமும், வண்ண அச்சுப் பிரதி எனத் தவணைதோறும் செலவு பெருகுகிறது. கிளிநொச்சியிலிருந்தோ அட்டனிலிருந்தோ வந்த பிள்ளை இதிலே பின்தங்கினால், "வெளிப்பாட்டுத் திறன் போதாது" என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. பணப் பையின் மெலிவுக்குத் திறமைக் குறைவு என்று பெயர்! அதே பிள்ளைக்கு லயத்தின் புகையும் தகரக் கொட்டிலின் வெக்கையும் தெரியும். மற்றெவருக்கும் இல்லாத அறிவு அது. அதற்குப் புள்ளி வழங்க எந்த அட்டவணையிலும் நிரல் கிடையாது.

மொழி விஷயமும் இவ்வாறே. பாடம் ஆங்கிலத்தில்; விமர்சனம் ஆங்கிலத்தில்; எண்ணக்கருவும் ஆங்கிலத்தில். ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் தன் கட்டிடத்தை ஒரு மேசனுக்கும், அதற்குள் குடியிருக்கப்போகும் ஒரு தாய்க்கும் தமிழிலோ சிங்களத்திலோ விளக்கமுடியாத மாணவன் அதனைத் தானே விளங்கிக்கொண்டானா என்று சந்தேகிக்க நமக்கு நியாயமுண்டு. 'வெளிகளுக்கிடையிலான உரையாடல்' என்று மதிப்பீட்டுச் சபையின் முன் சொல்வது சுலபம். "இந்தச் சுவர் ஏன் இங்கே நிற்கிறது, தம்பி?" என்று மேசன் கேட்கும்போது அந்த வாசகம் உதவாது.

ஆசிரியராயிருக்கும் நண்பர்களிடம் நாம் கேட்பது பெரிய காரியமன்று. ஒரே ஒரு தவணையில், ஒரே ஒரு தலைப்பை மாற்றிப் பாருங்கள். ஒரு நாள் பேருந்தில் போய் நிழற்படம் எடுத்துத் திரும்புவதைக் கள ஆய்வு என்று அழைப்பதை நிறுத்தி, ஒரு லயத்திலோ மீள்குடியேற்றக் கிராமத்திலோ மாணவர் சில வாரங்கள் தங்க வழிசெய்யுங்கள். அளவுநாடாவோடு கூலிப் பட்டியலையும் அவர்கள் கையில் கொடுங்கள். மதிப்பீட்டு நாளில், கோட்டணிந்த பெரியவர்கள் வரிசையில் இரண்டு கதிரைகளை ஒழித்துவையுங்கள்; ஒன்று அவ்வூர் மேசனுக்கு, மற்றது அந்த வீட்டில் சமைக்கப்போகும் பெண்ணுக்கு. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும் புள்ளியிடுங்கள். போக்குவரத்துச் செலவையும் அவளுக்கு அன்று இழக்கும் நாட்சம்பளத்தையும் கல்வி நிறுவனமே கொடுக்கட்டும்.