வைத்தியர் ஆகாதவர் எழுப்பிய வைத்தியசாலை

நமது வீடுகள் பலவற்றில் பிள்ளைக்குச் சாதகம் எழுதுவிக்கும் முன்னரே தொழில் எழுதப்பட்டுவிடுகின்றது. மகன் வைத்தியராக வேண்டும். தவறினால் எந்திரியாக வேண்டும். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளிற் சில வீடுகளில் அடுப்பு எரிவதில்லை. அத்தகைய வீட்டாருக்கும் மாணாக்கருக்கும் இவ்வாரம் ஒரு பந்தாட்டக்காரரின் சரிதத்தைக் கூற விழைகின்றோம். பந்தாட்டத்துக்கும் பரீட்சைக்கும் யாது தொடர்பு என்று வினவுவோர் சற்றே பொறுத்தருள்க.

ஆபிரிக்காவின் நடுவே, கொங்கோ என்னும் பேராற்றின் கரையில் அமைந்த மாநகரம் கின்ஷாசா. அங்கே 1966 ஆம் ஆண்டு யூன் மாதம் 25 ஆம் திகதி டிக்கெம்பே முட்டொம்போ பிறந்தார். பிள்ளைகள் பலரைக் கொண்ட குடும்பம். தந்தையார் கல்வித் துறையைச் சேர்ந்தவர். மைந்தன் வளர்ந்து 7 அடி 2 அங்குலம் உயர்ந்தான். ஆயினும் அவன் உள்ளத்தில் இருந்தது பந்தன்று, வைத்தியம். 1987 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் உதவி நிறுவனம் அளித்த புலமைப்பரிசிலைப் பெற்று, தமது 21 ஆவது வயதில், வாஷிங்டன் நகரிலுள்ள ஜோர்ஜ்டவுன் சர்வகலாசாலையை அடைந்தார். வைத்தியம் கற்றுத் தாய்நாட்டுக்குத் தொண்டு செய்வதே அவர் கொண்ட நோக்கம்.

அச்சர்வகலாசாலையின் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராக விளங்கியவர் ஜோன் தொம்சன் என்னும் பேர்பெற்ற ஆசான். நெடிதுயர்ந்த இவ்விளைஞரை இரண்டாம் ஆண்டிலே அவர் தமது அணியிற் சேர்த்துக்கொண்டார். அன்று தொட்டு வாழ்க்கையின் திசை மாறிற்று. வைத்தியக் கல்வி கைநழுவியது, கல்வி கைநழுவவில்லை. மொழியியலும் இராஜதந்திரமும் பயின்று 1991 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். ஒன்பது மொழிகள் பேச வல்லவர் எனப் பெயரெடுத்த அவருக்கு அத்துறைகள் பொருத்தமானவையே. அவ்வாண்டிலேயே டென்வர் நகரத்து அணி அவரைத் தொழில்முறை ஆட்டத்துக்குத் தெரிந்தெடுத்தது.

கூடைப்பந்தில் அவர் கைக்கொண்ட கலை எத்தகையது என்பதை இளைஞர் அறிதல் நன்று. பந்தைக் கூடையில் இடுவோரையே உலகம் கொண்டாடும். இவரோ எதிராளி எறியும் பந்தைக் கூடையை அடையாது தடுப்பவர். பந்து மேலெழும்போது அதனைத் தடுத்தல் முறை; கூடையை நோக்கி இறங்கத் தொடங்கியபின் தீண்டினாற் குற்றம். ஆகவே கண்ணும் காலும் கையும் ஒரே கணத்தில் ஒன்றுபட வேண்டும். இத்தனை செய்தும் தடுத்தவரின் கணக்கில் ஒரு புள்ளிதானும் ஏறுவதில்லை. தடுத்தபின் சுட்டுவிரலை இடமும் வலமுமாக அசைத்து, 'இங்கே ஆகாது' என்பது போல அவர் காட்டும் சைகை உலகப் பிரசித்தம்.

1994 ஆம் ஆண்டில் டென்வர் அணி எட்டாம் தரத்தில் நின்று, முதலாம் தரத்தில் நின்ற சியாட்டில் அணியை எதிர்த்தது. ஐந்து ஆட்டங்கள் கொண்ட அத்தொடரில் முதலிரண்டிலும் தோல்வி. பின் மூன்றிலும் தொடர்ந்து வெற்றி. எட்டாம் தரத்து அணி முதலாம் தரத்து அணியை வீழ்த்தியது அந்த லீக்கின் வரலாற்றில் அதுவே முதல் தடவை. அத்தொடரில் முட்டொம்போ தடுத்த பந்துகள் 31. வெற்றி உறுதியானதும் அவர் தரையில் வீழ்ந்து, பந்தை இரு கரங்களாலும் தலைக்கு மேலே பற்றியவாறு கிடந்த காட்சியை இன்றும் அந்நாட்டார் நினைவுகூர்வர்.

18 பருவங்கள் ஆடினார். அற்லாண்டா, பிலடெல்பியா, நியூயோர்க், ஹூஸ்டன் என ஊர்கள் மாறின. சிறந்த தடுப்பாட்டக்காரர் என்னும் விருதை நான்கு முறை பெற்றார். 1,196 ஆட்டங்களில் அவர் தடுத்த பந்துகள் 3,289. இவ்வரிசையில் அவருக்கு முன்னிற்பவர் நைஜீரியாவிற் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவொன் ஒருவரே. எனினும், இறுதிச் சுற்றை 2001 இலும் 2003 இலும் எட்டியும், வெற்றிக் கிண்ணம் அவருக்குக் கிட்டவேயில்லை.

இவ்வளவோடு நின்றிருப்பின் அவரைப் பற்றி நாம் இங்கே எழுத வேண்டியதில்லை. பொருள் குவிந்த காலத்தும் அவர் பிறந்த மண்ணை மறந்தாரல்லர். 1996 ஆம் ஆண்டு அற்லாண்டா ஒலிம்பிக் போட்டிக்கு அந்நாட்டுப் பெண்கள் கூடைப்பந்து அணி வந்தபோது, அவர்களுடைய சீருடைக்கும் செலவுக்கும் தமது பணத்தை ஈந்தார்.

அதன்பின் ஒரு பேரிடி விழுந்தது. நாட்டில் உள்நாட்டுக் கலகம் மூண்டிருந்த காலம். கின்ஷாசாவில் அவருடைய அன்னையார் பியாம்பா மரி நோயுற்றார். வீதிகள் அடைபட்டிருந்தமையால் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல இயலவில்லை. இல்லத்திலேயே உயிர் துறந்தார். மகனிடம் கோடிக்கணக்கிற் பணம் இருந்தது. தாயைச் சில கல் தூரம் கொண்டு சேர்க்க அப்பணம் உதவவில்லை.

பந்தாட்டக் களத்தில் எத்தனையோ பந்துகளைத் தடுத்தவர், தாயாரின் மரணத்தைத் தடுக்க இயலாது நின்றார். அத்துயரத்தை அவர் புலம்பலோடு முடித்துவிடவில்லை. கின்ஷாசாவின் மசினா என்னும் பகுதியில், 300 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலையொன்றை எழுப்பலானார். செலவு ஏறக்குறைய 2 கோடி 90 இலட்சம் டொலர். அதிற் பாதியளவை அவரே ஈந்தார். 2007 ஆம் ஆண்டில் அது அன்னையின் பெயரைத் தாங்கித் திறக்கப்பட்டது. அதன் பின்னரும் இரண்டு ஆண்டுகள் ஆடி, 2009 இல் முழங்காலிற் காயமுற்று, 42 ஆவது வயதிற் களத்தை விட்டு நீங்கினார். மூளையில் உண்டான புற்றுநோயால் 2024 செப்டெம்பர் 30 ஆம் திகதி, 58 ஆவது வயதிற் காலமானார்.

வைத்தியராகச் சென்றவர் வைத்தியர் ஆகவில்லை. ஆதலால் அவருடைய கனவு பொய்த்தது என்போமா? நோயாளர்க்கு உதவுதல் அவர் நோக்கம். வைத்தியத் தொழில் அதற்கு ஒரு வழி. ஒரு வழி அடைபட்டது. மறு வழியால் அதே வாயிலை அடைந்தார். நம்மவருள் அநேகர் வழியையே வாயிலெனக் கருதி மயங்குகின்றனர். அதனாலன்றோ ஒரு பரீட்சையிற் சில புள்ளிகள் குறைந்தமைக்காக ஒரு பிள்ளையின் முகத்தில் மாதக்கணக்காக விழியாத பெற்றோரைக் காண்கின்றோம்!

ஆனால், புத்தகத்தை எறிந்துவிட்டுப் பந்தைத் தூக்குங்கள் என்று நாம் உபதேசிப்பதாக எந்த மாணவனும் கொள்ளற்க. ஏழடி உயரம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அந்த வைத்தியசாலையிலும் நோய் தீர்ப்பவர்கள் ஊன்றிப் படித்துத் தேறிய வைத்தியர்களே. முட்டொம்போவும் பட்டம் பெற்ற பின்னரே தொழில்முறை ஆட்டத்துட் புகுந்தார்.

பெற்றோரை நாம் வேண்டுவது ஒன்றே. 'என்னவாகப் போகின்றாய்?' என்று பிள்ளையைக் கேட்கும்போது, 'யாருக்கு உதவப் போகின்றாய்?' என்றும் கேளுங்கள். முதற் கேள்விக்கான விடை நாளடைவில் மாறக்கூடும். இரண்டாவதன் விடை நெஞ்சில் ஊன்றிய பிள்ளை எந்தப் பரீட்சையிலே தவறினாலும் வாழ்க்கையிலே தவறமாட்டான்.